மாதா பெட்டியில் போட்ட சீட்டு

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்ததில் தப்பில்லை, நான் கேட்ட கேள்வி அப்படி. மாடியில் குடியிருக்கும் தம்பி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் மடித்த சீட்டு ஒன்றை என்னிடம் நீட்டினான். "இந்தாங்கம்மா" என்றான். நான் வாங்கிக்கொண்டு, "இது யாருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"மாதாவுக்குத்தான். பின்ன, உங்களுக்கா?" என்றான்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வீட்டம்மா, "இந்த வயசுல ஆசையப் பாருடி" என்று என் தொடையில் கிள்ளினாள். நானும் சிரித்தேன். அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் போடுமுன் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அதே கேள்வியை நான் பதினெட்டு வயதில் அரியலூரில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால், இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

அந்தக் கோடையில் அரியலூரிலிருந்து பெரியம்மா என்னை வரச்சொல்லி ஆள் விட்டார். அவருக்குக் காலில் வீக்கம். பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார், அடுப்படிப் பக்கம் வரமாட்டார். பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், திருச்சியில் கல்லூரி படித்தாள். லீவுக்கு வந்திருந்தாள். வேலை சொன்னால் உடனே புத்தகத்தை விரித்துவிடுவாள். அதனால் நான் போனேன். எனக்கு லீவு என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடமே இல்லாதவளுக்கு ஏது லீவு? லீவு விட்டவர்கள் நடுவில் ஒரு மாதம் இருந்தேன், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு கெடு இருந்தது. தா.பழூர் பக்கம் அப்பா ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். ஜூன் பிறந்ததும் பெண் பார்க்க வருவார்கள். மே முடிந்தவுடன் நான் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்குப் பக்கம். ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அரியலூரில் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் நின்றால் ரயில் தெரியும். முதல் நாலு நாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஈரக் கையோடு ஓடினேன். சோறு பொங்கி அடுப்பு அணைந்ததுகூட உண்டு. தெருவில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகும். வேப்பிலை, முருங்கை இலை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். கீரையை மூன்று தண்ணீர் கழுவினாலும் வாயில் நறநறவென்று இருக்கும். இன்றைக்கும் கீரையில் மண் இருந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏன் என்று என் மருமகளுக்குப் புரியாது.

மே மாதம் மாதா மாதம். அந்தத் தெருவில் முப்பது நாளும் முப்பது வீட்டில் ஜெபமாலை நடக்கும். முதல் நாள் வீட்டிலிருந்து மாதா சுரூபச் சிலையை அடுத்த நாள் மாலை தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் பின்னால் சுரூபம். அதற்கும் பின்னால் நீலக் காகிதம் ஒட்டிய தகரப்பெட்டி. பிஸ்கட் டப்பாதான் அது, மூடியில் காசு போடுகிற அளவுக்கு ஒரு வெட்டு. வேண்டுதல் இருப்பவர்கள் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். முப்பத்தொன்றாம் தேதி மாலை, கோயிலில் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபிக்கு முன்னால் எல்லாச் சீட்டையும் கொட்டி எரிப்பார்கள். புகையோடு வேண்டுதல் மேலே போய்விடும் என்பது நம்பிக்கை. இங்கேயும் அதைத்தான் செய்கிறோம், விளக்கு மட்டும் இப்போது இல்லை.

ஒருநாள் அக்கா விளையாட்டாகப் பெட்டி மூடியைத் திறக்கப் பார்த்தாள். "எதிர்வூட்டு அத்தை என்ன கேட்டிருக்குன்னு பாப்பமா?" என்றாள். பெரியம்மா விசிறியாலேயே அவள் கையில் ஒன்று வைத்தார்.

"அடுத்தவங்க விண்ணப்பத்தப் படிக்கிறது பாவம். மாதாவுக்கு எழுதினத மாதாதான் பாக்கணும். ரெண்டு பேரும் காதுல வாங்கிக்குங்க."

அக்கா வாங்கினாளோ இல்லையோ, நான் வாங்கிக்கொண்டேன்.

வழக்கமாக, ஜெபம் சொல்லி நடத்தும் உபதேசியார் வீட்டுக் கிழவர்தான் விளக்குத் தூக்குவாராம். அந்த வருஷம் அவருக்கு முடியவில்லை. தெருக்கோடியில் அத்தை வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்த ஒருவர் தூக்கினார். அவருடைய அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். இவர் பி.ஏ. முடித்துவிட்டார், வடக்கே எங்கோ வேலை கிடைத்திருந்தது, ஜூன் முதல் தேதி ரயில் ஏற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மே முடிந்தால் பஸ், அவருக்கு மே முடிந்தால் ரயில்.

"பி.ஏ. படிச்ச புள்ள வெளக்குத் தூக்குது பாரு, என்னா பணிவு" என்றார் பெரியப்பா.

"பணிவா அது? வெளக்குத் தூக்குறவன்தான பொம்பளைங்களுக்குப் பக்கத்துல நடக்கலாம்" என்றார் பெரியம்மா.

முதல் ஐந்தாறு நாள் பெட்டியைத் தூக்கியவள் அக்கா. கல்யாணம் ஆகாத பெண்தான் தூக்க வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் பூத்தட்டோடு நடப்பேன். விளக்குக்காரர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். சுரூபத்துக்கு வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பெரியம்மா வேறு மாதிரி நினைத்தார்.

"அவன் கண்ணு சரியில்ல. இன்னியிலேர்ந்து நீ பெட்டியத் தூக்காத, இவ தூக்கட்டும்" என்று அக்காவிடம் சொன்னார்.

"அவன் இவளத் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சா?"

"இவளையா? இவள யாரு பாக்கப் போறா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வருத்தம் வரவில்லை, அது உண்மை என்றுதான் பட்டது. கறுப்பு, ஒல்லி, அக்காவின் பழைய தாவணி. அப்படித்தான் அந்தப் பெட்டி என் கைக்கு வந்தது.

பெட்டி என் கைக்கு வந்த பிறகும் அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா இப்போது எனக்குப் பின்னால் வருகிறாளே, அவளைத்தான் பார்க்கிறார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் கொல்லையில் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் அவர் வந்தார்.

"பெரம்பலூர்ல ரயில் கெடையாதுல்ல?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப நல்லாப் பாத்துக்குங்க. ஊருக்குப் போனா பஸ்ஸத்தான் எண்ணணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, தாவணியால் வாயை மூடிக்கொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வேலிக்கல் மேல் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு. நத்தை போலச் சுருண்டு சுருண்டு இருந்தது, ஆனால் கல்.

"சுண்ணாம்புக்கல் குழியில எங்கப்பா எடுத்தது. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சுங்க. அந்தக் கடல்ல கெடந்த பூச்சி இது."

"அரியலூர்லயா கடலு?" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"சத்தியமா."

"படிக்காதவன்னுதான கேலி பண்றீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். பிறகு வந்து பார்த்தேன், கல் அங்கேயே இருந்தது. எடுத்துத் தாவணி முனையில் முடிந்துகொண்டேன். ராத்திரி சாப்பாட்டில் பெரியப்பாவிடம், "இங்க கடல் இருந்துச்சா?" என்று கேட்டேன். "ஆமா, எல்லாம் கடல்தான்" என்றார் அவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே. எனக்குத் தலை சுற்றியது. கடல் உண்மை என்றால் அவர் கேலி பண்ணவில்லை. கேலி பண்ணவில்லை என்றால் எதற்காக அதை என்னிடம் சொன்னார்? அந்தக் கல்லை எனக்கு ஏன் வைத்துவிட்டுப் போனார்? அல்லது வைத்தவர் எடுக்க மறந்தாரா? நான் எடுத்தது திருட்டா?

இப்படித்தான் எனக்கு எல்லாமே. ஒன்று தெளிந்தால் இரண்டு குழம்பும்.

இருபத்தேழாம் தேதி. அச்சு வெல்லம் போட்ட பானகம் கொடுத்த வீடு அது. அதை வைத்துத்தான் தேதி நினைவிருக்கிறது. ஜெபமாலை முடிந்தது. ஆண்கள் வாசல் பக்கம், பெண்கள் உள்பக்கம். பெட்டி என் மடியில். சீட்டு போடுகிறவர்கள் வந்து வந்து போட்டார்கள். தூரத்தில் இருந்தவர்கள் கைமாற்றிக் கொடுத்தார்கள், நான் வாங்கி வாங்கிப் போட்டேன். அப்போது அவர் வந்தார். நாலாக மடித்த காகிதம். என் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்குப் போகப்போகிற ஊரில் நல்லது நடக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லி, காகிதத்தைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்டேன்.

வேண்டுதல் சீட்டை எல்லோரும் இரண்டாக மடிப்பார்கள். அது நாலு மடிப்பு. வெட்டில் நுழையவில்லை, கொஞ்சம் அழுத்தித்தான் தள்ளினேன்.

மறுநாள் அவர் திரும்பிப் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். ஏதோ கேட்கிற மாதிரிப் பார்வை. ஜூன் ஒன்று நெருங்குகிறது. ஒரு வார்த்தை, எதுவானாலும் சரி, அவர் வாயால் என்னிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும், அதை வைத்துக்கொண்டு தா.பழூர்க்காரர்களுக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிப்பார்க்கலாம் என்று ஒரு பைத்தியக்காரத் தைரியம் வந்திருந்தது. அப்பாவை எதிர்த்து நான் தும்மியதுகூடக் கிடையாது.

அக்காவிடம் பென்சில் கேட்டேன்.

"நீயா எழுதப்போற? என்னடி கேக்கப் போற? தா.பழூர் மாப்பிள்ளைக்கு மீச கொஞ்சம் கொறையணும்னா?"

"ஆமா" என்றேன்.

அரைத் தாளில் எழுத அரை மணி ஆனது. மாதாவே, விளக்குத் தூக்குகிறவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எத்தனை எழுத்து தப்போ தெரியாது. மாதாவுக்குப் புரியும் என்று போட்டுவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி கோயிலுக்குப் போகும் வழியில் பெரியம்மா விளக்குக்காரரை நிறுத்தினார். கால் வீக்கத்தோடு அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, தப்பா நெனைக்காத. எங்க வூட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு. இனிமே திரும்பித் திரும்பிப் பாக்குறதெல்லாம் வேணாம்."

"சரிங்கம்மா" என்றார் அவர்.

அக்காவுக்கு அப்போது எந்த மாப்பிள்ளையும் பேசவில்லை. பெரியம்மா சும்மா சொன்னார். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பேசியிருந்த பெண் நான்தான். பெரியம்மா சொன்ன பொய் என் விஷயத்தில் உண்மையாக இருந்தது. அதை அப்போதே யோசித்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும். எனக்கோ பெட்டி எப்போது திறக்கும் என்ற ஒரே நினைப்பு.

கெபிக்கு முன்னால் மண்சட்டியில் நெருப்பு. உபதேசியார் மூடியைத் திறந்து கொட்டினார். சாம்பிராணியும் காகிதமும் சேர்ந்து புகைந்தன. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நாலு மடிப்புக் காகிதம் சீக்கிரம் பிடிக்கவில்லை. ஓரம் கறுத்து, பிறகுதான் விரிந்தது. நான் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டேன். எழுத்துத் தெரிந்துவிட்டால் படித்த பாவம் வந்துவிடுமே.

கூட்டம் கலையும்போது, காலிப் பெட்டியோடு நான் நின்ற இடத்துக்கு அவர் வந்தார். விளக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை.

"அந்தச் சீட்டு..." என்றார்.

என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வார்த்தை கேட்டேன், மாதா இரண்டு கொடுத்துவிட்டார்.

"எரிச்சாச்சுங்க" என்றேன் சந்தோஷமாக. "எல்லாத்தோடயும் சேத்து."

"படிச்சீங்களா?"

"ஐயையோ! அதப் படிக்கிறது பாவமில்லீங்களா?"

அவர் குனிந்து விளக்குக்குக் காற்று அடித்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"சரிங்க" என்றார். "நல்லாருங்க."

மறுநாள் காலை ரயில் போனது. நான் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். ஏதோ ஒரு பெட்டியிலிருந்து ஒரு கை ஆடியது. அது அவர் கையா, யாராவது குழந்தையின் கையா, தெரியாது. சாம்பல் அப்பிய கையை நானும் தூக்கினேன், பாதியிலேயே இறக்கிவிட்டேன்.

தா.பழூரிலிருந்து வந்தார்கள். கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, மீசைகூடச் சின்னதுதான். அவருக்குப் பெரம்பலூரில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். கல் நத்தையை ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்திருந்தேன். வீட்டை இடித்துக் கட்டியபோது கொத்தனார் அதையும் மற்றக் கற்களோடு அள்ளி அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார். சாயங்காலம்தான் தெரிந்தது. நீங்கள் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டீர்களே, அந்தக் கூடத்துக்கு அடியில் எங்கோ கிடக்கிறது.

ரொம்ப வருஷம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பெரியம்மா இறந்த வீட்டில், அடக்கம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னாள்: "அம்மா எனக்கு எப்பிடிக் காவல் போட்டுச்சு பாத்தியா அந்த வருஷம்? வெளக்குக்காரன் என்னை ஒருநாள்கூடப் பாக்கலடி. பெட்டி எங்கிட்ட இருந்தப்பவும் அவன் பார்வ பூத்தட்டு மேலதான் இருந்துச்சு."

பூத்தட்டு என்னிடம்தான் இருந்தது.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். அவர் கொடுத்தது மாதாவுக்கா, எனக்கா? பெட்டி என் மடியில் இருந்தது, அவர் கைக்கு எட்டும் தூரம். மாதாவுக்கு என்றால் அவரே போட்டிருக்கலாமே, ஏன் என் கையில் வைத்தார்? இப்படி யோசித்தால் எனக்குத்தான் என்று தெளிவாகத் தெரிகிறது. அப்படியென்றால், படித்தீர்களா என்று கேட்டவரிடம் பாவம் என்று சொல்லியிருக்கிறேன். எரித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அதுவும் பெரியம்மா மாப்பிள்ளை கதை சொன்ன அதே சாயங்காலம்.

ஆனால் அவர் ஒரு கையில் விளக்கு இருந்திருந்தால்? எரிகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு இத்தனூண்டு வெட்டில் காகிதத்தைத் திணிக்க முடியாது, என்னிடம்தான் கொடுப்பார். தன் வேண்டுதலை யாரும் படித்துவிடவில்லையே என்ற பயத்தில்தான் பிறகு கேட்டிருப்பார். அப்படியென்றால் நான் ஒன்றையும் இழக்கவில்லை. அன்று விளக்கு அவர் கையில் இருந்ததா, தூணில் மாட்டியிருந்ததா? சில நாள் யோசித்தால் கையில் தெரிகிறது, சூடுகூடத் தெரிகிறது. சில நாள் அவருக்கு இரண்டு கையும் காலியாக இருக்கிறது. பானகத்தின் ருசி நினைவிருக்கிறது, தம்ளரில் இருந்த ஒடுக்கு நினைவிருக்கிறது, இது மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். இருபத்தேழாம் தேதிக்கு அப்புறம் நான் போட்ட என் சீட்டும், அவர் கொடுத்த காகிதமும் ஒரே டப்பாவுக்குள் இரண்டு நாள் கிடந்தன. அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் எழுதிப் போட்டது, அவர் எழுதியதன் மேலேயே போய் விழுந்திருக்கலாம். அந்தப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மாடித் தம்பி கையில் போன் இருந்தது. அதனால்தான் சீட்டை என்னிடம் கொடுத்தான், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன். இனிமேலும் யார் காகிதம் கொடுத்தாலும், யாருக்கு என்று கேட்பேன். நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இப்போது பக்கத்து வீட்டம்மா வீட்டையும் தாண்டிப் போய்விட்டது. என் வீட்டிலிருந்து அது கிளம்புமுன் நானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன், அந்த அரியலூர்ச் சீட்டுக்கு அப்புறம் இதுதான். என்ன எழுதினாய் என்று கிள்ளிக் கிள்ளிக் கேட்கிறாள். சொல்லமாட்டேன். முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் யாரும் மூடியைத் திறந்துவிடாதீர்கள். அடுத்தவங்க விண்ணப்பத்தைப் படிக்கிறது பாவம்.